வெள்ளாவியில் அவித்த பாய்

மன்னிப்பைப் பற்றி இனி என்னிடம் ஒருவரும் கதைக்க வேண்டாம். கோயில் மண்டபத்தில் காலை நீட்டி உட்கார்ந்தால் போதும், நீங்கள் எல்லோரும் அதைத்தான் தொடங்குகிறீர்கள். வயது போய்விட்டது, மனதில் ஒன்றையும் வைத்திருக்கக் கூடாது, போகிற நேரம் கையை வீசிக்கொண்டு போக வேண்டும் என்கிறீர்கள். உங்கள் கையை நீங்கள் தாராளமாக வீசுங்கள். என் கையில் இருப்பதை நான் இறக்கி வைப்பதாக இல்லை. என் வயதுக்காரர்கள் என்றபடியால் உங்களுக்கு மட்டும் காரணம் சொல்கிறேன். பேரப்பிள்ளைகளிடம் சொன்னால், "ஒரு துணிக்காகவா இவ்வளவும்?" என்று கேட்பார்கள். துணிக்குக் கூப்பன் இருந்த காலம் அவர்களுக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும்.

ஜப்பான்காரன் திருகோணமலையில் குண்டு போட்டதற்கு அடுத்த வருஷம் அது. எனக்குப் பத்து வயது இருக்கும். குண்டுக்குப் பயந்து ஓடின சனம் பாதிதான் திரும்பி வந்திருந்தது. துறைமுகத்துக்குள் எங்கு பார்த்தாலும் சாம்பல் நிறப் போர்க்கப்பல்கள். வாயிலில் இரும்பு வலை. ஒரு சின்னத் தோணி வெளியே போவதென்றாலும் கடற்படைக்காரனிடம் பாஸ் எடுக்க வேண்டும். நீராவிக் கப்பல்களை எல்லாம் யுத்தத்துக்கு எடுத்துவிட்டார்கள். அதனால், காற்றை நம்பி ஓடும் பாய்க்கப்பல்களுக்குத் திடீரென்று மவுசு வந்தது.

என்னைப் பெற்ற ஐயா அப்படியான ஒரு பாய்க்கப்பலின் தண்டையல். கப்பலை நடத்துகிற தலைவனை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். கப்பல் ஐயாவுடையது இல்லை, முதலாளியுடையது. தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று வீசும்போது வங்கக் கடலுக்குள் இறங்கி, கரையே தெரியாத கடலில் கிடந்து, காக்கிநாடாவுக்குப் போவார்கள். அங்கே மிளகாயும் மல்லியும் ஏற்றிக்கொண்டு, வாடைக்காற்று தொடங்க அதோடு திரும்ப வேண்டும். கொஞ்சம் பிந்தினால் ஐப்பசிப் புயல் பிடித்துக்கொள்ளும். அதனால் கப்பலில் ஏற்றின பாயைத் தவிர இன்னொரு பெரிய பாய் எப்போதும் அறைக்குள் சுருட்டிக் கிடக்கும். மாற்றுப்பாய் என்பார்கள். ஐயா சாப்பாடு இல்லாமல் கடலுக்குப் போவார், மாற்றுப்பாய் இல்லாமல் போகமாட்டார்.

அந்தப் பாய்களுக்கு வருஷா வருஷம் எங்கள் வளவில்தான் சாயம் போடுவார்கள். பனிச்சங்காயை இடித்துப் பெரிய கிடாரத்தில் கொதிக்க வைத்து, அந்தச் சாற்றில் பாயை ஊற வைப்பார்கள். சாயம் ஏறிய பாய்தான் உப்புக்கும் மழைக்கும் உளுத்துப் போகாது. அந்த நாட்களில் வீடு முழுக்கத் துவர்ப்பு மணம். எங்கள் கையும் குதிக்காலும் மண்ணிறமாகிவிடும். பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் இருக்கிறவள் மூக்கைப் பொத்துவாள். எனக்கு அது ஐயாவின் மணம், அதனால் நான் தலைக்கு முழுகாமல் கூட இருந்திருக்கிறேன்.

கிழிசல் தைக்கிற வேலை அம்மாவுடையது. உள்ளங்கையில் தோல் கட்டி, மூன்று பட்டை ஊசியால் இழுத்து இழுத்துத் தைப்பா. அந்த வருஷம் மாற்றுப்பாயில் எலி ஒரு துளை போட்டிருந்தது. ஒட்டுப் போடப் பாய்த்துணி ஓரிடமும் கிடைக்கவில்லை. அம்மா ஐயா இடுப்பில் உடுத்துப் பழசான நீலச் சாரத்தை நாலாக மடித்து வைத்துத் தைத்தா. கோழி கிளறினது போல குறுக்கும் நெடுக்குமாக விழும் அம்மாவின் தையல். "அடியே, கடலுக்கை ஆர் வந்து வடிவு பாக்கப் போறான்?" என்று அவவே சிரித்தா. அந்த ஊசி எங்கே போயிற்றோ தெரியாது. எவ்வளவோ சாமானை இந்த ஊரில் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து தொலைத்துவிட்டோம்.

ஆவணியில் முதலாளியின் மகளுக்குக் கல்யாணம் வைத்தார்கள். எங்கள் ஆட்களுக்குக் கல்யாணம் என்றாலும் செத்தவீடு என்றாலும் கட்டாடியார் வந்து பந்தலுக்குள் வெள்ளை கட்ட வேண்டும். ஊர்த்துணி வெளுக்கிற கட்டாடியார், வெளுத்த வேட்டிகளைக் கொண்டுவந்து தலைக்கு மேலே விதானமாகக் கட்டுவார். வெள்ளை இல்லாத பந்தலுக்குள் மாப்பிள்ளை வீட்டார் கால் வைக்க மாட்டார்கள். முதலாளி போட்டதோ முற்றம் நிறைந்த பந்தல். அவ்வளவு துணிக்கு அந்தக் காலத்தில் எங்கே போவது? ஊரில் பாதிப் பேர் கிழிந்த வேட்டியோடு திரிந்த நேரம்.

முதலாளிக்கு மூளை வேலை செய்தது. கப்பலில் சும்மா கிடக்கிற மாற்றுப்பாய் நினைவுக்கு வந்திருக்கிறது. ஐயா அந்தக் கிழமை கப்பலைக் கரையில் விட்டு, மரம் ஏற்ற வள்ளத்தில் தெற்கே வெருகலுக்குப் போயிருந்தார். அவரிடம் ஒரு சொல் கேட்காமல் பாயை இறக்கினார்கள். ஆனால் பாய் மண்ணிறம், பந்தலுக்கு வேண்டியது வெள்ளை. சோடாவும் கடற்படை முகாமிலிருந்து எடுத்த வெளுக்கிற தூளும் கொடுத்து, கட்டாடியாரிடம் "சாயம் போகுமட்டும் அவியும்" என்று முதலாளி சொல்லியிருக்கிறார். கட்டாடியார் திரும்பத் திரும்ப வெள்ளாவி வைத்து, வெயிலில் காயப்போட்டு, பனிச்சங்காய்ச் சாயத்தைக் கடைசிச் சொட்டு வரைக்கும் எடுத்துவிட்டார்.

கல்யாணத்தன்று நான் பந்தலுக்குள் சப்பாணி கட்டி உட்கார்ந்து பயற்றம் பணியாரம் தின்றுகொண்டிருந்தேன். சீனி கிடைக்காத காலத்தில் இனிப்பான பணியாரம். எல்லோரும் விதானத்தைப் பார்த்து, என்ன வெள்ளை, என்ன வெள்ளை என்று வாயைப் பிளந்தார்கள். நானும் அண்ணாந்து பார்த்தேன். மணவறைக்கு நேர் மேலே, நீலம் வெளிறிப்போன சதுரமான ஒட்டு ஒன்று. அதைச் சுற்றிக் கோழி கிளறின தையல். அம்மாவின் கையைச் சுரண்டிக் காட்டினேன். அம்மா பார்த்தா, முகம் கறுத்துப் போச்சு. "வாயை மூடிக்கொண்டு சாப்பிடு" என்றா. அதற்குப் பிறகு அவ ஒன்றும் சாப்பிடவில்லை.

வெருகலில் இருந்து ஐயா வந்ததும் அம்மா சொன்னா. ஐயா சட்டையும் போடாமல் முதலாளி வீட்டுக்கு நடந்தார். நான் பின்னாலே ஓடினேன். முதலாளி கதிரையில் இருந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

"முதலாளி, அந்தப் பாய் இனிக் கடலுக்கு உதவாது. நூல் வெந்து போச்சு. எனக்கு வேற பாய் வேணும்" என்றார் ஐயா.

"என்ன தண்டையல், அழுக்குப் போனால் துணி கெட்டுப்போகுமே? நான் உடுக்கிற வேட்டியும் வெள்ளாவி கண்டதுதானே, கிழிஞ்சா போச்சு?"

"உங்கட வேட்டி புயலுக்கை நிக்கிறேல்லை."

முதலாளி சிரித்தார். "யுத்தத்துக்கை பாய்த்துணிக்கு நான் எங்கை போறது? அது மாற்றுப்பாய்தானே, எடுக்கிற தேவை வராது. உமக்கு ஏலாதெண்டால் சொல்லும், வேற தண்டையல் இருக்கினம்."

ஐயா திரும்பி நடந்தார். எனக்கு இன்றைக்கும் விளங்காத இடம் அது. போகமாட்டேன் என்று அவர் சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் போகாவிட்டால் அந்தப் பாயோடு வேறொருவன் போவான், எங்கள் அடுப்பும் எரியாது. முதலாளி அந்தப் பாய்க்குக் காவி பூசி, பழைய நிறம் போலக் காட்டிச் சுருட்டிக் கப்பலில் போடுவித்தார். ஐயா அதோடுதான் போனார். நான் கரையில் நின்று கை காட்டினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, மேலே பாயைத்தான் பார்த்துக்கொண்டு போனார்.

ஐப்பசி வந்தது, கப்பல் வரவில்லை. புயல் ஒன்று வந்து எங்கள் கூரையின் பாதியைக் கொண்டுபோனது. அம்மா காலையும் மாலையும் டச்சுக்குடாக் கரையில் போய் நிற்பா. மழை விட்ட ஒரு மத்தியானம், கோணேசர் மலைக்கு அப்பால், தூரத்தில் ஒரு கப்பல் தெரிந்தது. முன்பாய்மரம் மட்டும் மொட்டையாக நின்றது. அதில் சிவப்பும் கறுப்புமாக, சாக்குச் சாக்காக ஏதோ தொங்கியது. காற்றும் நீரோட்டமும் அதைத் தெற்கே இழுத்துக்கொண்டு போயின. கரைக்குத் திரும்ப அது முயற்சி செய்வது எங்களுக்கே தெரிந்தது.

"அது எங்கட கப்பல்" என்றா அம்மா. கப்பலின் முன்பக்கம், அணியத்தின் வளைவை வைத்தே அவவுக்குத் தெரியும்.

நாங்கள் முதலாளியிடம் ஓடினோம். அவர் ஒரு சொல் சொன்னால் கடற்படைக்காரன் பாஸ் கொடுப்பான், இரண்டு வள்ளம் போய்க் கட்டி இழுத்து வரலாம். முதலாளி கரைக்கு வந்தார். கையைப் புருவத்தில் வைத்துப் பார்த்தார். பக்கத்தில் சம்பந்தி வீட்டார் நின்றார்கள்.

"சாக்குக் கட்டின பிச்சைக்காரக் கப்பல். என்ர கப்பல் இப்பிடி வருமே?" என்றார். "அது வேற ஆரின்ரையோ கப்பல்."

அம்மா அவருடைய காலைப் பிடித்தா. என் அம்மா, ஒருவருக்கும் தலை குனியாதவ, ஈர மணலில் முழங்காலில் இருந்து அவர் காலைப் பிடித்தா. முதலாளி காலை உதறிக்கொண்டு போனார். கப்பல் மலைக்குத் தெற்கே மறைந்தது. இதைக் கண்ணால் கண்ட என்னிடம்தான் நீங்கள் மன்னிப்புக் கதை சொல்கிறீர்கள்.

வெருகல் ஆற்று வாயில் கப்பல் மணலில் ஏறியது. அங்கேயிருந்து மூதூருக்கு மாட்டு வண்டியில், மூதூரிலிருந்து எங்கள் கரைக்கு வள்ளத்தில், ஐயாவைக் கொண்டுவந்து சேர்த்தது மூதூர்க் காக்காதான். ஐயாவோடு கப்பலில் வேலை செய்த முஸ்லிம் மனிதர் அவர்; அண்ணனை அவர்கள் காக்கா என்பார்கள். ஐயாவை ஒரு பலகையில் கிடத்தி, பெரிய துணி ஒன்றால் மூடி, முன்னும் பின்னும் ஆட்கள் பிடித்துத் தூக்கி வந்தார்கள். வந்தவர்கள் எல்லோருடைய கண்ணும் வீங்கிச் சிவந்திருந்தது. அழுதார்கள் என்று நினைத்தேன். அது மிளகாய் எரிச்சல்.

காக்கா அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். "தங்கச்சி, நடுக்கடல்ல புயல் புடிச்சிட்டு. பெரிய பாய் கிழிஞ்சிட்டு. மாற்றுப்பாயை ஏத்தினம். ஏத்தி வாய் மூடல்ல, பப்படம் மாதிரி நொறுங்கிப் போச்சு. பாய் இல்லாத கப்பல் சொல்லுக் கேக்குமா? அலைக்குக் குறுக்கே விழுந்து, பெரிய பாய்மரம் முறிஞ்சு தண்டையல்ட காலுக்கு மேல வந்துட்டு. அந்தக் காலோட கிடந்துதான் அவர் எங்களுக்கு வழி சொன்னார். மிளகாயைக் கடல்ல கொட்டிச் சாக்கைத் தைச்சுப் பாயாக் கட்டினம். காத்தடிக்க அடிக்க மிளகாய்த் தூள் கண்ணுக்க. கோணேசர் மலையைக் கண்டம், திரும்ப ஏலாமப் போச்சு. இவ்வளவு பேர் உசிரோட வந்தது இவரால."

ஐயாவின் கால் முழங்காலுக்குக் கீழே கறுத்திருந்தது. நாட்டு வைத்தியம் செய்கிற பரியாரி வந்து பார்த்துவிட்டு, மருந்துப் பையைத் திறக்காமலே போனார். ஐயா காய்ச்சலில் கிடந்தார். அந்த நேரத்தில்தான் கடைத்தெருவில் கதை கிளம்பியது. முதலாளி சொல்கிறாராம், தண்டையல் நல்ல பாயைக் காக்கிநாடாவில் விற்றுக் குடித்துவிட்டு உளுத்த பாயைக் கட்டினானாம், அதனால்தான் கப்பலும் சரக்கும் போனதாம். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்களே, அதுதான். ஐயா வாழ்நாளில் கள்ளுக் கூடத் தொடாதவர். ஆனால் முதலாளி சொன்னால் ஊர் தலையாட்டும். ஊரில் பாதி அவரிடம்தான் வேலை செய்தது.

யாரோ ஒரு புண்ணியவான் அதை ஐயாவின் காதிலும் போட்டுவிட்டான். ஐயா என் கையைப் பிடித்து, "நான் பாய் வித்தவன் இல்லை, பிள்ளை" என்றார். எனக்குத் தெரியும் என்றேன். "உனக்குத் தெரிஞ்சு காணாது. ஊருக்குத் தெரியோணும்" என்றார். அதுதான் அவர் தெளிவாகச் சொன்ன கடைசிச் சொல். அடுத்த நாள் விடியப் போய்விட்டார்.

கட்டாடியார் வெள்ளை கட்ட வேட்டிகளோடு வந்தார். அம்மா அழுகையை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்தா. ஐயாவை மூடிக் கொண்டுவந்த துணி வேலியில் கிடந்தது. அதைக் காட்டினா. அது வேறொன்றும் இல்லை, மாற்றுப்பாயில் மிஞ்சின துண்டு. காவி கடலில் கரைந்து போய், திட்டுத் திட்டாக வெள்ளை தெரிந்தது. வெளிறின நீல ஒட்டும் தையலும் ஒரு மூலையில் அப்படியே இருந்தன.

"இதைக் கட்டுங்கோ" என்றா அம்மா.

கட்டாடியார் கையிலிருந்த வேட்டிக் கட்டை நீட்டினார். "பிள்ளை, இது வேண்டாம். நான் நல்ல வெள்ளை கொண்டந்தனான்."

"உங்கட கையாலதானே இதை வெளுத்தனீங்கள். உங்கட கையாலயே கட்டுங்கோ."

அவர் அதை எடுத்துக் கட்டினார். ஐயாவின் தலைக்கு மேலிருந்து ஆண்கள் உட்காரும் பந்தல் வரைக்கும் அந்தக் கந்தல் தொங்கியது. வந்தவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள், ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

முதலாளி வருவார் என்று எங்களுக்குத் தெரியும். செத்தவீட்டுக்கு வராமல் விட்டால் ஊர் பேசும். அவர் வந்தார். சபைக்கு நடுவில் கதிரை போட்டுக் கொடுத்தார்கள். வேட்டியை ஒதுக்கிக்கொண்டு இருந்தார். மேலே பார்க்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: "மனிசன் எண்டால் பிழை விடுறதுதான். எனக்கு வந்த நட்டம் நட்டம்தான். போன சீவனோட எனக்கென்ன கோபம்? நான் அவனை மன்னிச்சிட்டன்."

சபையில் நாலு தலை ஆடியது, பெரிய மனசு என்று.

அம்மா ஐயாவின் தலைமாட்டில் இருந்து எழும்பினா. தலைவிரி கோலமாக ஆண்களின் பந்தலுக்குள் வந்து அவர் முன்னால் நின்றா.

"என்னத்தை மன்னிச்சனீங்கள் முதலாளி? கொஞ்சம் மேலை பாருங்கோ."

அவர் பார்த்தார்.

"உங்கட மகளுக்குத் தாலி கட்டேக்கை தலைக்கு மேலை இருந்த வெள்ளை. அண்டைக்கு நல்ல வடிவெண்டு சொன்னனீங்கள். என்ர மனிசன் காக்கிநாடாவிலை வித்ததெண்டால் இது இங்கை எப்பிடி வந்தது?"

"ஆரின்ரையோ பாய்..." என்று முதலாளி தொடங்கினார்.

பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்ற கட்டாடியார் வாயைத் திறந்தார். "முதலாளிதான் அவிக்கச் சொன்னவர். நான்தான் வெளுத்தனான். அந்தச் சாரத்துண்டு ஒட்டு எனக்குத் தெரியும்." சொல்லிவிட்டு நிலத்தில் குந்திவிட்டார். நீங்கள் நினைப்பீர்கள் அந்த மனிதருக்கு ஒரு வருத்தமும் இல்லை என்று. அன்று அவர் அழுதது போல் எங்கள் சொந்தக்காரரே அழவில்லை.

அப்போதும் முதலாளி விடவில்லை. "வெளுத்தது உண்மைதான். வெளுத்தால் துணி கெட்டுப்போமே? நல்ல தடிப்பான பாய். இவன்தான் ஓட்டத் தெரியாமல்..."

நான் எழும்பி ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு அதில் ஏறினேன். என்னை ஒருவரும் தடுக்கவில்லை. அவர் தலைக்கு மேலே தொங்கின பாயை இரண்டு விரலால் பிடித்தேன். பெரிய மனிதர்கள் நாலு பேர் இழுத்தாலும் கிழியாத துணி அது, சாயம் இருந்த காலத்தில். நான் இழுக்கக்கூட இல்லை. நனைந்த கடதாசி போலக் கையோடு வந்தது. அந்தத் துண்டை முதலாளியின் வெள்ளை வேட்டி மடியில் போட்டேன். ஏறி இன்னொரு துண்டு கிழித்தேன், அதையும் போட்டேன்.

மூதூர்க் காக்கா முதலில் எழும்பினார். "நான் இனி இவர்ட கப்பல்ல கால் வைக்க மாட்டன்" என்றார். பிறகு மற்றக் கப்பல்காரர்கள் ஒவ்வொருவராக எழும்பி முதலாளிக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார்கள். ஐயாவைத் தூக்கும்போது அவர்கள்தான் தோள் கொடுத்தார்கள். முதலாளி மடியில் கிடந்ததைத் தட்டிவிட்டு எழும்பிப் போனார். வேலிப் படலை வரைக்கும் கூட ஒருவரும் அவரோடு போகவில்லை.

தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள். தெய்வம் ஆறுதலாக நிற்கட்டும், நாங்கள் அன்றைக்கே கொன்றுவிட்டோம். முதலாளி வெருகலில் இருந்து அந்தக் கப்பலை இழுத்து வந்து டச்சுக்குடாவில் கட்டினார். திருத்தினார், புதுப்பாய் கூட எங்கேயோ பிடித்தார். ஏறத்தான் ஆள் கிடைக்கவில்லை. மூதூரிலும் இல்லை, கிண்ணியாவிலும் இல்லை, எங்கள் கரையிலும் இல்லை. கப்பல் நின்ற இடத்தில் நின்று உளுத்தது. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது நான் சுற்றுப்பாதையால் வந்து அதைப் பார்ப்பேன். பலகை வெடிப்பதையும், காகம் கூடு கட்டுவதையும், ஒரு மாரியில் அது சரிந்து தண்ணீருக்குள் படுத்ததையும் நின்று பார்த்தேன். அன்று வீட்டில் நல்ல பசியோடு சாப்பிட்டேன். பொய் சொல்லி என்ன, எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இப்போது சொல்லும்போதும் சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

முதலாளி வயது போய்க் கிழண்டித்தான் செத்தார். அப்போது எனக்குக் கல்யாணமாகிப் பிள்ளைகள் இருந்தார்கள். செத்தவீட்டுக்கு முதல் ஆளாகப் போனேன். பந்தல் போட்டிருந்தது, வெள்ளை கட்டியிருக்கவில்லை. கட்டாடியார் எப்போதோ செத்துவிட்டார். அவருடைய மகனுக்கு ஆள் மேல் ஆள் அனுப்பியும் அவன் அந்த வீட்டுக்கு வரமாட்டேன் என்றுவிட்டானாம். கடற்படை முகாமில் கழித்துவிட்ட பச்சைத் தறப்பாள் சீலை ஒன்றை மேலே இழுத்துக் கட்டியிருந்தார்கள். மழைத் தண்ணீர் அதற்கு நடுவில் தேங்கித் தொங்கியது. நான் வாங்குப் பலகையில் வசதியாக உட்கார்ந்து, அதை அண்ணாந்து பார்த்தபடி தேத்தண்ணி குடித்தேன்.

அன்றைய மணப்பெண், முதலாளியின் மகள், என் பக்கத்தில் வந்து இருந்தா. அவ ஒரு பாவமும் அறியாதவ, அதை நான் ஒருநாளும் மறுத்ததில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "தங்கச்சி, அப்பா போயிட்டார். இனியெண்டாலும் அவரை மன்னிச்சிடன்" என்று அழுதா.

நான் கையை இழுக்கவில்லை. அவவின் கண்ணீரையும் என் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டேன். பிறகு சொன்னேன்.

"அக்கா, உங்கட அப்பா என்ர ஐயாவை மன்னிச்சவர். அந்த ஒரு மன்னிப்பு ரெண்டு வீட்டுக்கும் போதும்."